இடிக்காமல் புதுப்பிக்கலாம்: பழைய வீட்டுக்குப் புது முகம் தரும் சின்ன வேலைகள்

கதவைத் திறந்து உள்ளே வந்ததும் கை தானாகப் போகும் இடம் சுவிட்ச் பலகை. பழைய வீடுகளில் அதைக் கொஞ்சம் அருகே போய்ப் பாருங்கள். வாங்கியபோது வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் மஞ்சளடித்திருக்கும். சுற்றிலும் சுவரில், ஆண்டுக்கணக்காக விரல் பட்டுப் பட்டு ஒரு கரிய நிழல் படிந்திருக்கும். கடைசியாக பெயிண்ட் அடித்தவர் பலகையைக் கழற்றாமல் அடித்ததால் அதன் ஓரமெல்லாம் பெயிண்ட் பிசிறு ஒட்டிக் காய்ந்திருக்கும். அந்த வீட்டில் இருப்பவர்கள் இதைப் பார்ப்பதேயில்லை. ஒரு நாளைக்கு இருபது முறை தொடுவார்கள், ஆனால் கண்ணில் படாது.

ஒரு வீடு பழையதாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இப்படிப்பட்ட பத்துப் பன்னிரண்டு விஷயங்களே காரணம். மங்கிய வெளிச்சம், ஒன்றோடொன்று பொருந்தாத கைப்பிடிகள், ஜன்னல் விளிம்போடு நின்றுவிடும் குட்டைத் திரைச்சீலை, கறுத்துப்போன டைல் இடுக்கு, சுவரெங்கும் எதற்கென்றே தெரியாத ஆணிகள். இவற்றில் எதற்கும் சுவரை இடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் அரை நாளோ இரண்டு நாளோ பிடிக்கும் வேலை. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை மிக முக்கியம். அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரே சுவருக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்திருக்கிறேன். அந்த உழைப்பு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே, என் அனுபவத்தில் சரியாக வந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

முதல் படி: கேமரா வழியாகப் பாருங்கள்

பழகிய கண் பொய் சொல்லும். ஆகவே ஒவ்வொரு அறையின் வாசலிலும் நின்று படம் எடுங்கள். பகலில் ஒன்று, இரவில் விளக்கெல்லாம் போட்டுவிட்டு ஒன்று. எடுத்த உடனே பார்க்காதீர்கள். மறுநாள், வேறு யாருடைய வீட்டையோ பார்ப்பதுபோலப் பாருங்கள். தொங்கும் வயர், சாய்ந்த படச்சட்டம், அலமாரியின் மேல் அடுக்கிய அட்டைப் பெட்டிகள் எல்லாம் படத்தில் பளிச்சென்று தெரியும். அதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியும் பாருங்கள். நிறம் போனபின் இருட்டும் வெளிச்சமும் மட்டுமே மிஞ்சும். அறையின் எந்த மூலை முழுகிக் கிடக்கிறது, எந்தப் பொருள் தேவையில்லாமல் கண்ணை இழுக்கிறது என்பது அப்போது புரியும்.

பிறகு ஒரு தாளில் எழுதுங்கள். உடைந்தது எது, அழுக்கானது எது, காலம் கடந்தது எது என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரிவினை பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். பழைய பாணி என்று நாம் நினைப்பதில் பாதி வெறும் அழுக்கு. நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போய்விடும்.

நான்காவதாக ஒரு பட்டியலும் வேண்டும்: தொடக்கூடாதவை. கனமான மரக்கதவு, பித்தளைத் தாழ்ப்பாள், கல் துகள் பதித்த மொசைக் தரை, கைவேலைப்பாடுள்ள மரச்சாமான். இவை பழையவை, ஆனால் நைந்தவை அல்ல. மொசைக் தரையின் மேல் வினைல் விரிப்பு ஒட்டி மறைப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கும். அதை இயந்திரம் வைத்துத் தேய்த்து மெருகேற்றினால் புதிதாகப் போட்ட எந்தத் தரையையும்விட அழகாக இருக்கும். பழமையான ஒரு நல்ல பொருள், சுத்தமான எளிய அறைக்குள் இருக்கும்போதுதான் அதன் மதிப்பு தெரிகிறது. அந்தச் சுத்தமான அறையை உருவாக்குவதுதான் நம் வேலை.

இரண்டாம் படி: கழித்தல்

எதையும் வாங்குவதற்கு முன் எடுத்துவிட வேண்டியதை எடுத்துவிடுங்கள். சுவரில் பயனில்லாத ஆணிகள், கொக்கிகள், எப்போதோ இருந்த தொலைபேசியின் வயர், அந்த வயரைப் பிடித்திருந்த கிளிப்புகள், பழைய ஒட்டுத்தாள்களின் பசைத்தடம். ஒரே அறையில் நாற்பது ஆணிகளைப் பிடுங்கியவர்களை எனக்குத் தெரியும். ஆணியைப் பிடுங்கும்போது சுவர்ப்பூச்சு பெயராமல் இருக்க, குறடுக்கு அடியில் ஒரு மெல்லிய பலகைத் துண்டை வைத்து நெம்புங்கள்.

தொலைக்காட்சிக்குப் பின்னால் பின்னிக் கிடக்கும் வயர்களுக்குத் தனியாக ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் கழற்றி, எது எதற்கு என்று சிறு காகிதம் ஒட்டி, நீளம் கூடியதை மடித்துக் கட்டி, சுவரோடு ஒட்டும் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு மூடியைப் பொருத்துங்கள். அந்தக் குழாய்க்கும் சுவரின் நிறத்தையே அடித்துவிட்டால் இருப்பதே தெரியாது. பல பிளக்குகளைக் குவித்துச் செருகும் நீட்டிப் பலகையை மட்டும் காற்றில்லாத பெட்டிக்குள் அடைக்க வேண்டாம், சூடாகும்.

மூன்றாம் படி: வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், பெயிண்டை அப்புறம் பார்க்கலாம்

இங்கேதான் பெரும்பாலோர் வரிசை மாறுகிறார்கள். நானும் மாறினேன். பழைய குழல் விளக்கின் நீல வெளிச்சத்தில் நின்று ஒரு மிதமான சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்து அடித்தேன். பிறகு விளக்கை மாற்றியதும் அதே சுவர் சேறு பூசியதுபோல ஆகிவிட்டது. நிறம் என்பது சுவரில் பாதி, விளக்கில் பாதி. ஆகவே விளக்கு முதலில்.

பல்புப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். முதலாவது கெல்வின், அதாவது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண். 2700 முதல் 3000 வரை இதமான மஞ்சள் கலந்த வெளிச்சம், படுக்கையறைக்கும் உட்காரும் அறைக்கும் ஏற்றது. 4000 நடுநிலையான வெள்ளை, சமையல் மேடை, படிக்கும் மேசை போன்ற வேலை செய்யும் இடங்களுக்குச் சரி. 6500 பகல் வெளிச்சம் என்று விற்கப்படும் நீல வெள்ளை. அலுவலகத்திலும் கிடங்கிலும் உதவும், வீட்டில் இரவில் அது மனிதர்களின் முகத்தையே வெளிறச் செய்துவிடும். ஒரே அறைக்குள் 3000-உம் 6500-உம் கலந்து எரிந்தால் எவ்வளவு செலவு செய்த அறையும் ஒட்டுப்போட்டதுபோலத் தெரியும். ஓர் அறைக்கு ஒரு கெல்வின் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது லூமன். வாட் என்பது செலவாகும் மின்சாரம், லூமன் என்பது கிடைக்கும் வெளிச்சம். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது ஏறக்குறைய 800 லூமன். இன்று 8 முதல் 10 வாட் எல்.இ.டி. பல்பே அதைத் தருகிறது. மூன்றாவது சி.ஆர்.ஐ. என்ற நிறத் துல்லியக் குறியீடு. உச்சம் 100. 80 இருந்தால் பரவாயில்லை, 90-க்கு மேல் இருந்தால் துணியின் நிறமும் மரத்தின் நிறமும் உள்ளபடி தெரியும். கண்ணாடிக்கு முன்னும் உடை மாற்றும் இடத்திலும் 90-க்குக் குறைவானதைப் போடாதீர்கள்.

அடுத்து விளக்கின் இடம். பழைய அறைகளில் கூரையின் நடுவில் ஒரு விளக்கு, அல்லது ஒரு சுவரின் உச்சியில் ஒரு டியூப் லைட், அவ்வளவுதான் இருக்கும். அது எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி விழுந்து அறையைத் தட்டையாக்கிவிடும். கூரை விளக்கு இருக்கட்டும். அதோடு கண் மட்டத்துக்குக் கீழே எரியும் இரண்டு விளக்குகளைச் சேருங்கள்: நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும் விளக்கு ஒன்று, மேசை விளக்கு ஒன்று. பிளக்கில் செருகினால் போதும், வயரிங் தேவையில்லை, வாடகை வீட்டுக்கும் பொருந்தும். மாலையில் கூரை விளக்கை அணைத்துவிட்டு இவற்றை மட்டும் போட்டுப் பாருங்கள். மூலைகளில் நிழல் படிந்து, அறைக்கு ஆழம் வந்துவிடும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு மற்ற எதையும் செய்யாமல் விட்டாலும் வீடு பத்தாண்டு இளமையாகத் தெரியும் என்று உறுதியாகச் சொல்வேன்.

சமையல் மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடியில் எல்.இ.டி. பட்டையை ஒட்டும்போது அதைச் சுவரோரமாக ஒட்டாமல் முன் விளிம்பை ஒட்டி, உள்நோக்கிச் சற்றே திருப்பி ஒட்டுங்கள். சுவரோரம் ஒட்டினால் மேடையின் முன்பகுதி இருட்டாகவே இருக்கும். பட்டையின் மேல் பால்நிற மூடி இல்லையென்றால் மேடையில் புள்ளி புள்ளியாக எதிரொளிக்கும். உணவு மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு, மேசைப் பரப்பிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் இருந்தால் கண்ணில் குத்தாது, எதிரில் இருப்பவர் முகத்தையும் மறைக்காது.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்ச் வைக்க விரும்பினால், டிம்மருக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருக்கும் எல்.இ.டி. பல்பையே வாங்குங்கள். இல்லாவிட்டால் மினுக்கும், இரையும். பழைய டியூப் லைட்டைக் கழற்றினால் அதை உடைக்காமல் தனியாக ஒப்படையுங்கள், அதில் பாதரசம் இருக்கிறது. டியூப் லைட் இருந்த அதே சட்டத்தில் எல்.இ.டி. குழலைப் பொருத்துவதாக இருந்தால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் என்ன செய்ய வேண்டும் என்பது குழலுக்குக் குழல் மாறும். குறிப்பைப் படியுங்கள், சந்தேகம் இருந்தால் மின்பணியாளரை அழையுங்கள்.

நான்காம் படி: சுவர்

சுவர் இருந்தால்தான் சித்திரம். பெயிண்ட் வேலையில் முக்கால்வாசி, பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

எச்சரிக்கையோடு தொடங்குகிறேன். வீடு பல பத்தாண்டுகள் பழையது என்றால், அடியிலுள்ள பெயிண்ட் அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈயப் பெயிண்ட் 1978-இல் தடை செய்யப்பட்டது, பல நாடுகளில் அதற்கு வெகுகாலம் கழித்தே கட்டுப்பாடு வந்தது. அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சோதித்துப் பார்க்காமல் பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள், சூடுகாட்டியும் உரிக்காதீர்கள். கூரையில் சொரசொரப்பாகத் தெளித்த பழைய பூச்சையும் பழைய வினைல் தரைத் துண்டுகளையும் சுரண்டுவதற்கு முன் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். இருந்தால் அது உங்கள் வேலையல்ல, அதற்கென்று பயின்றவர்களின் வேலை.

ஈரக்கறை இருக்கும் சுவரில் முதலில் ஈரத்தின் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். கசிவை நிறுத்தாமல் மேலே அடித்தால் ஒரே பருவத்தில் கறை மீண்டும் எட்டிப் பார்க்கும். கசிவு நின்று சுவர் நன்கு உலர்ந்தபின்னும் பழைய கறை புதுப் பெயிண்டை ஊடுருவி மஞ்சளாக வெளிவரும். அதைத் தடுப்பதற்கென்றே கறைதடுப்பு பிரைமர் என்ற அடிப்பூச்சு இருக்கிறது, கறையுள்ள இடத்தில் மட்டும் ஒரு பூச்சு போதும்.

பிறகு பட்டி பார்ப்பது, அதாவது துளைகளையும் பள்ளங்களையும் அடைத்துச் சமன்செய்வது. ஆணித்துளைகளில் பட்டியை ஒரே தடவையில் மேடாக அப்பாமல், மெல்லியதாக இரண்டு தடவை வைத்துக் காயவிடுங்கள். காயும்போது பட்டி உள்வாங்கும். முதலில் 120 எண் உப்புத்தாள், முடிவில் 220. எண் பெரிதாகப் பெரிதாகத் தாள் நுண்மையாகும். தேய்த்தபின் ஒரு கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களெல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். அந்த ஐந்து நிமிடம்தான் தொழில் தெரிந்தவர் வேலைக்கும் மற்றவர் வேலைக்கும் உள்ள வித்தியாசம்.

நிறத் தேர்வைப் பற்றி எல்லாரும் நீளமாகப் பேசுவார்கள். நான் சொல்வது கொஞ்சம்தான். சின்ன நிற அட்டையை நம்பாதீர்கள். ஒரு பெரிய தாளில் இரண்டு பூச்சு அடித்து, காலையிலும் மாலையிலும் விளக்கு வெளிச்சத்திலும் சுவரில் சாய்த்துப் பாருங்கள். சுவரில் நேராக அடித்துப் பார்த்தால் பழைய நிறம் பக்கத்தில் இருந்து கண்ணை ஏமாற்றும். பெரிய நிறுவனங்களின் நிற அட்டைகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 100 வரை ஒளி எதிரொளிப்பு மதிப்பு கொடுத்திருப்பார்கள். வெளிச்சம் குறைந்த அறைக்கு 60-க்கு மேலுள்ள நிறம் கைகொடுக்கும். கூரை தாழ்வாக இருந்தால் சுவருக்கும் கூரைக்கும் ஒரே நிறம் அடித்துவிடுங்கள். இரண்டும் சேரும் கோடு மறைந்து, கூரை மேலே போனதுபோல இருக்கும்.

பளபளப்பிலும் கவனம் வேண்டும். சுவர் எவ்வளவுக்குப் பளபளக்கிறதோ அவ்வளவுக்கு அதன் குறைகள் தெரியும். மேடு பள்ளமுள்ள பழைய சுவருக்கு பளபளப்பில்லாத மேட் பூச்சே நல்லது. கதவு, நிலை, ஜன்னல் சட்டம் போன்ற கைபடும் இடங்களுக்கு துடைக்கத் தோதாக, லேசாக மட்டும் பளபளக்கும் சாட்டின் பூச்சு.

எவ்வளவு வாங்குவது? 4 மீட்டருக்கு 3.5 மீட்டர் அறை என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 15 மீட்டர். உயரம் 3 மீட்டர் என்றால் பரப்பு 45 சதுர மீட்டர். கதவுக்கும் ஜன்னல்களுக்கும் 5 கழித்தால் 40. இரண்டு பூச்சுக்கு 80. ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும் என்று கொண்டால் 8 லிட்டர். ஒன்றுக்கு மேற்பட்ட டப்பா வாங்கினால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். டப்பாவுக்கு டப்பா நிறம் இம்மியளவு மாறினாலும் சுவரின் நடுவில் அது தெரிந்துவிடும்.

ஓரங்களை பிரஷால் அடித்து, அந்த ஈரம் காய்வதற்குள் ரோலரைப் போடுங்கள். முதல் பூச்சுக்கும் இரண்டாவதற்கும் இடையே டப்பாவில் சொன்ன நேரத்தை, பொதுவாக நான்கு மணி நேரம், முழுதாகக் காத்திருங்கள். பெயிண்ட் படக்கூடாத ஓரங்களில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பை மட்டும் முழுதும் காயும்வரை விடாதீர்கள். கடைசிப் பூச்சு இன்னும் லேசான ஈரத்தோடு இருக்கும்போதே, சாய்வாக, மெதுவாக உரியுங்கள். காய்ந்தபின் இழுத்தால் பெயிண்டும் தோலாகக் கூடவே வரும்.

ஐந்தாம் படி: கைப்பிடிகளும் கீல்களும்

அலமாரிக் கைப்பிடி மாற்றுவது, இருப்பதிலேயே குறைந்த உழைப்பில் அதிகப் பலன் தரும் வேலை. ஆனால் கடைக்குப் போவதற்கு முன் அளவுகோலை எடுங்கள். இரண்டு திருகுத் துளைகள் உள்ள கைப்பிடியில், ஒரு துளையின் மையத்திலிருந்து மற்றதன் மையம்வரை எவ்வளவு என்பதே தேவையான அளவு. கைப்பிடியின் மொத்த நீளம் இதற்கு உதவாது. இந்த மைய அளவு பெரும்பாலும் 64, 96, 128, 160 மி.மீ. என்று 32-இன் மடங்குகளில் வரும். பழைய துளைக்குப் பொருந்தும் அளவில் வாங்கினால் வேலை ஒரு திருப்புளியோடு முடிந்துவிடும்.

பொருந்தாவிட்டால்? பழைய துளைகளில் மரப் பட்டியை அடைத்துத் தேய்த்து, கதவுக்கு பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் மட்டுமே புதுத் துளை போடுங்கள். இல்லையேல் அடைத்த தடம் தெரியும். பழைய இரு துளைகளையும் மூடிக்கொள்ளும் அகலமான அடித்தட்டு உள்ள கைப்பிடிகளும் கிடைக்கின்றன.

புதுத் துளை போடும்போது ஒவ்வொரு கதவிலும் அளந்து குறிக்காதீர்கள். பத்துக் கதவை அளந்தால் ஒன்றில் கட்டாயம் தவறும். தடித்த அட்டையை, கதவின் மூலையில் சரியாக உட்காரும்படி வெட்டி, துளைகளின் இடத்தில் இரண்டு ஓட்டை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதை மூலையோடு மூலை பொருத்தி, கூர்மையான ஆணியால் ஓட்டை வழியாக ஒரு குத்து. அந்தச் சிறு குழியில் டிரில் நுனி வழுக்காமல் உட்காரும். இடது கதவுக்கு அட்டையைத் திருப்பிப் பிடியுங்கள். நான் திருப்பாமல் குத்தி ஒரு நல்ல கதவை வீணாக்கியிருக்கிறேன், அதனால் இப்போதெல்லாம் அட்டையின் இரு பக்கத்திலும் ‘இடது’, ‘வலது’ என்று எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். கதவின் பின்புறம் ஒரு மரத்துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு துளையிட்டால், டிரில் வெளியேறும் இடத்தில் மரம் சிலாம்பாகப் பெயராது. 18 மி.மீ. தடிமனுள்ள கதவுக்கு 22 முதல் 25 மி.மீ. நீளத் திருகு சரியாக இருக்கும்.

உலோகத்தின் நிறத்தில் ஒரே ஒரு கட்டுப்பாடு போதும். ஓர் அறைக்குள் ஒரு முதன்மை உலோகம், வேண்டுமானால் துணைக்கு இன்னொன்று. கைப்பிடி கறுப்பு, குழாய் பளபளப்பான வெள்ளி, விளக்கு தங்கம், கீல் செம்பு என்று நான்கும் ஒரே இடத்தில் கூடினால்தான் அறை தடுமாறும்.

கதவு மூடும்போது ‘டமால்’ என்று அடிக்கிறதா? கிண்ணம்போன்ற மறைகீல் உள்ள அலமாரி என்றால், அதன் கிண்ணத் துளை பெரும்பாலும் 35 மி.மீ. விட்டம் கொண்டது. அதே துளையில் மெல்ல மூடும் கீலைப் பொருத்திவிடலாம். கதவின் அழகு கண்ணுக்கு, அது சத்தமில்லாமல் மூடுவது காதுக்கு. புதிதாக இருக்கும் உணர்வில் காதுக்கும் பங்குண்டு.

ஆறாம் படி: அலமாரிக் கதவுக்கு நிறம்

இதைத் தனிப் படியாக வைக்கக் காரணம் இருக்கிறது. நான் முதன்முதலில் சமையலறை அலமாரிக்கு அடித்த பெயிண்ட், மூன்றே மாதத்தில் கைப்பிடியைச் சுற்றி நகம் பட்டால் உரியும் தோலாகிவிட்டது. பெயிண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணெய்ப் பிசுக்கை முழுதும் எடுக்காமல், லேமினேட்டின் வழவழப்பைத் தேய்க்காமல், நேராக அடித்திருந்தேன்.

சரியான முறை இதுதான். கதவுகளைக் கழற்றுங்கள், கீலிருந்த குழிக்குள் எண் எழுதி அதன் மேல் டேப் ஒட்டுங்கள். பத்துக் கதவுகளில் எது எங்கே என்பது பிறகு நினைவிருக்காது. பிசுக்கெடுக்கும் திரவத்தால் துடைத்து, பின் வெறும் தண்ணீரால் துடைத்து, காயவிடுங்கள். 220 எண் உப்புத்தாளால் தேயுங்கள். மேற்பரப்பைச் சுரண்டி எடுக்க வேண்டாம், பளபளப்பு போய் மங்கினால் போதும். தூசியைத் துடைத்தபின், வழவழப்பான பரப்பில் ஒட்டுவதற்கென்றே உள்ள பிரைமர் ஒரு பூச்சு. அது காய்ந்ததும் நகத்தால் கீறிப் பாருங்கள். உரிந்தால் நிறுத்திவிட்டுத் தேய்ப்பிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். உரியவில்லையென்றால் மெல்லிய பஞ்சு ரோலரால் இரண்டு மெல்லிய பூச்சு எனாமல், இடையில் ஒரு லேசான தேய்ப்பு.

பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே முழுக்கப் பொருந்தும். தண்ணீரில் கரையும் எனாமல் தொட்டுப் பார்த்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஆனால் முழுதும் இறுகுவதற்கு மூன்று நான்கு வாரம்கூடப் பிடிக்கும். அதுவரை அழுத்தித் துடைக்காமல், கதவு சட்டத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சின்ன ரப்பர் பொட்டுகளை ஒட்டிவைத்துப் பயன்படுத்துங்கள். எல்லாக் கதவுக்கும் அடிக்கத் தெம்பில்லையென்றால் கீழ் அலமாரிகளுக்கு மட்டும் ஓர் ஆழ்ந்த நிறம் அடித்து, மேலே உள்ளவற்றை வெளிர்நிறமாக விடலாம். அதுவே அழகாக அமையும்.

ஏழாம் படி: டைல் இடுக்கும் சிலிக்கான் ஓரமும்

குளியலறை டைல்ஸை உடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று முடிவு கட்டுவதற்கு முன் இடுக்குகளை மட்டும் சரிசெய்து பாருங்கள். பெரும்பாலும் டைல் நன்றாகவே இருக்கும், இடுக்குதான் கறுத்திருக்கும்.

முதலில் சுத்தம். நுரைக்கும் சோப்புத்தூளும் விறைப்பான சிறு பிரஷும் போதும். அமிலம் கலந்த திரவங்கள் சிமெண்ட் இடுக்கை அரிக்கும், சலவைக்கல்லையும் மொசைக்கையும் கெடுக்கும். பிளீச்சையும் அமிலத்தையும், அல்லது பிளீச்சையும் அமோனியாவையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். சுத்தம் செய்தும் கறை போகாவிட்டால் இடுக்குக்கான நிறப்பூச்சு இருக்கிறது. உதிர்ந்தே போயிருந்தால் பழையதை 2, 3 மி.மீ. ஆழத்துக்காவது சுரண்டியெடுத்துப் புதிதாக அடைக்க வேண்டும். நிறம் என்ன? தூய வெள்ளை வேண்டாம் என்பது என் கருத்து. வெளிர் சாம்பல், டைலின் நிறத்தோடும் கலக்கும், அழுக்கையும் பொறுத்துக்கொள்ளும்.

தொட்டியும் சுவரும் சேரும் ஓரத்தில் கரும்புள்ளி விழுந்த சிலிக்கானுக்கு மேல் புது சிலிக்கான் ஒட்டாது. பழையதைக் கத்தியால் முழுதும் அறுத்தெடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, நன்கு உலரவிட வேண்டும். குளியல் தொட்டியாக இருந்தால் அதில் தண்ணீரை நிரப்பிவிட்டு சிலிக்கான் போடுங்கள். எடையில் தொட்டி இம்மியளவு தாழும், அந்த நிலையில் இறுகிய சிலிக்கான் பிற்பாடு விரிசல் விடாது. இரு பக்கமும் டேப் ஒட்டி, சிலிக்கானைப் பிதுக்கி, ஈரவிரலால் ஒரே இழுப்பாக இழுத்து, உடனே டேப்பை எடுத்தால் கோடு கம்பிபோல நேராக நிற்கும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது. ஓரத்தில் சலவைக்கல் இருந்தால் புளித்த வாடை வீசும் சாதாரண சிலிக்கானைத் தவிர்த்து, நடுநிலை சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள், மற்றது கல்லில் கறை பிடிக்கும்.

குழாய் பழையதாகத் தெரிந்தால் மாற்றுவதற்கு முன் அதன் நுனியிலுள்ள வலையைக் கழற்றி வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். உப்புப் படிவு கரைந்து, பீறிட்டுத் தெறித்த தண்ணீர் ஒரே கற்றையாக விழும்.

எட்டாம் படி: திரைச்சீலை, படங்கள்

திரைக்கம்பியை ஜன்னல் சட்டத்தின் மேலேயே பொருத்துவதுதான் பழைய வழக்கம். அதை 10 முதல் 15 செ.மீ. மேலே, இரு பக்கமும் 15 முதல் 25 செ.மீ. வெளியே நீட்டிப் பொருத்துங்கள். திரையை ஒதுக்கும்போது துணி சுவர்மேல் நிற்கும், ஜன்னல் முழுதும் திறந்து கிடக்கும், வெளிச்சம் தடையின்றி வரும். துணியின் மொத்த அகலம் கம்பியின் நீளத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு இருந்தால்தான் மடிப்பு செழிப்பாக விழும். நீளம் தரைக்கு ஒரு செ.மீ. மேல்வரை. பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும், ஆகவே துவைத்துவிட்டு ஓரம் தைக்கக் கொடுங்கள்.

படங்களின் மையம் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். சோபாவுக்கு மேல் மாட்டுவதானால் அதன் முதுகுக்கும் சட்டத்தின் அடிவிளிம்புக்கும் இடையே 15, 20 செ.மீ. போதும். பழைய வீடுகளில் படங்களைக் கூரையோரம் மாட்டிவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். கீழே இறக்கியதும் அறை மனிதர்களின் அளவுக்கு வந்துவிடும். ரசமட்டம் வைத்துப் பார்க்க மறக்காதீர்கள். கண்ணாடியை ஜன்னலுக்கு அடுத்த சுவரில், ஜன்னலுக்குச் செங்குத்தாக மாட்டினால் வெளிச்சத்தை அறைக்குள் திருப்பிவிடும்.

ஒன்பதாம் படி: அந்த சுவிட்ச் பலகை

எல்லாப் பூச்சும் முடிந்தபின்தான் இது. முன்பே மாற்றினால் புதியதிலும் பெயிண்ட் தெறிக்கும். முன்தட்டை மட்டும் மாற்றுவதென்றால்கூட, மெயினை அணைத்து, டெஸ்டரால் இரண்டு முறை சோதித்துவிட்டுத் திருகைத் தொடுங்கள். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் மின்சாரமுள்ள ஒரு பிளக்கில் பார்த்துக்கொள்வது நல்லது. உள்ளே இருக்கும் சுவிட்சையோ வயரையோ மாற்றுவது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. அவர் வரும்போது உள்ளேயிருக்கும் வயரின் உறை பொடியாக உதிர்கிறதா, எர்த் இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள எல்லாப் பலகைகளையும் ஒரே நாளில், ஒரே வகையில் மாற்றுவதே அழகு. பாதி பழையதும் பாதி புதியதுமாக நின்றால் பழையது இன்னும் பழையதாகிவிடும்.

மிஞ்சிய பெயிண்டை டப்பாவோடு மூலையில் போட்டுவிடாதீர்கள். பாதி காலியான டப்பாவில் காற்று நின்று ஆடை படியும். மூடி இறுக்கமான ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, நிறத்தின் எண், அறையின் பெயர், அடித்த தேதி மூன்றையும் எழுதி ஒட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒரு சிறு பிரஷையும் அதன் கழுத்தில் ரப்பர் வளையம் போட்டுச் சேர்த்துவிடுங்கள். நாற்காலி இடித்து அடுத்த மாதம் சுவரில் விழப்போகும் கீறலுக்கு அது வேண்டியிருக்கும்.